பஞ்சும் ஸ்பிரிட்டும்

அடுத்தவர் கை பட்ட கீபோர்டை நான் துடைக்காமல் தொடமாட்டேன். பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து எழுத்து எழுத்தாகத் துடைப்பேன். காராச்சேவு எண்ணெய், வியர்வை, நகத்து அழுக்கு எல்லாம் பஞ்சில் கறுப்பாக வரும், பார்த்தாலே குமட்டும். என் மனைவி பிரீத்திகாவுக்கு இந்தப் பழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தது நான்தான். அதனால், டாக்டரம்மா, நீங்கள் நினைக்கிற மாதிரி அவள் பட்டாசு மருந்து எதிலும் கை வைக்கவில்லை. அவள் கையில் தோல் உரிந்தது ஸ்பிரிட்டால். எப்போதிருந்து என்று கேட்டீர்கள். கல்யாணத்துக்கு மறுமாதத்திலிருந்து. ஒளிக்காமல் சொன்னால்தான் மருந்து எழுத முடியும் என்கிறீர்கள். அவளும் வெளியேதான் உட்கார்ந்திருக்கிறாள். வரிசையாகச் சொல்கிறேன்.

பிரீத்திகா என் அக்கா லட்சுமிகாந்தத்தின் ஒரே மகள். எனக்கு முறைப்பெண், அவள் பிறந்த அன்றே வீட்டில் பேசிவைத்தது. அத்தான் மணிகண்டராஜுக்குத் திருத்தங்கலில் காலண்டர் பிரஸ். கீழே மிஷின், மேலே வீடு. அங்கே கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டதெல்லாம் என் பொறுப்பு. ஆர்டர் கொடுக்க வரும் பார்ட்டிகள் கொண்டுவருகிற பென்டிரைவில் வைரஸ் நெளிகிறது என்று வீட்டு லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுவைத்ததும் நான்தான்.

2009இல் அவள் பி.இ. முடித்தாள். ஸ்வீடனில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகைக்கு மட்டும் இன்டர்நெட்டில் முகம் பார்த்துப் பேசுகிற ஒரு நேர்காணல் பாக்கி. அது தேறினால் படிப்பு, தேறாவிட்டால் ஆவணியில் கல்யாணம் என்று அத்தான் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து லேப்டாப்பில் வயர்லெஸ் இணைப்பு நினைத்த நேரமெல்லாம் அறுந்தது. என்னிடம் கொடுத்தாள். நான் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்ப்பேன். சிக்னல் குறையவில்லை. பிரஸ்ஸுக்கு வந்த பார்ட்டி ஒருவரின் லேப்டாப் அதே ரவுட்டரில் அறாமல் ஓடியது. ஆக, கோளாறு இதற்குள்தான். பேட்டரியை மிச்சம் பிடிப்பதற்காக வயர்லெஸ் கார்டு அவ்வப்போது தூங்கப் போகிறது. போனது ஒழுங்காக விழிப்பதில்லை. தூங்காதே என்று ஒரு வரி எழுதினேன். அதோடு சரியாகிவிட்டது.

சோதித்துப் பார்க்க வேண்டுமே என்று அவள் மெயிலைத் திறந்தேன். அவள் தங்கப்போகிற விடுதியின் படங்கள் இருந்தன. முன்பின் தெரியாத ஆணும் பெண்ணும் ஒரே சட்டியில் சமைக்கிறார்கள். குளியலறையும் பொது. எனக்கு வாந்தி வந்துவிட்டது. போய் வாய் கொப்புளித்துவிட்டு வந்து அந்த வரியை அழித்தேன். ஒரு ஒழுங்கில்லாமல் அடிக்கடி தூங்கு என்று வேறொன்று எழுதி, லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் தானாக ஓடும்படி வைத்தேன்.

"சரியாயிட்டா மாமா?" என்று வந்து நின்றாள்.

"இன்னும் பாக்கணும்மா. கீழ மிஷின் மோட்டாரு சிக்னலக் கெடுக்குது போல."

கேபிள் போட்டுப் பார்க்கலாமே என்றாள். கேபிள் சொருகுகிற துளையை ஊக்கால் நெம்பி ஏற்கெனவே கெடுத்துவைத்திருந்தேன். பிரஸ் கம்ப்யூட்டர்களில் கேமரா கிடையாது. பிரவுசிங் சென்டருக்குப் போகிறேன் என்றாள். நான் அக்காவிடம் மெதுவாகக் கேட்டேன்: "கண்டவனும் எச்சி தெறிக்கப் பேசுன மைக்க நம்ம பிள்ள வாய்ல வைக்கணுமாக்கா?"

"சீ" என்றாள் அக்கா. அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

நேர்காணல் அன்று அத்தான் மிஷினையே நிறுத்திவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வெளியிட வேண்டிய சீசன். மிஷின் ஓட்டுகிற சங்கிலிமுத்து மேலே வந்து, "மொதலாளி, ஆர்டர் மலையாக் கெடக்கு" என்றான்.

"கெடக்கட்டும்லே. எம்புள்ள பேசி முடிக்கட்டும்."

மிஷின் நின்ற பிறகு அந்த வீடு எம்புட்டு அமைதியாக இருந்தது என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். நன்றாகத்தான் பேசினாள். பாதி வாக்கியத்தில் அறும். திரும்ப வந்ததும் மன்னிப்புக் கேட்பாள், விட்ட இடத்திலிருந்து தொடங்குவாள், மறுபடி அறும். கடைசியில் அந்தப் பக்கத்து ஆட்கள் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்கள். அது தெரியாமல் அவள் வெறும் திரையைப் பார்த்து "கேக்குதா, கேக்குதா" என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் தோளைத் தொட்டு, முடிந்துவிட்டது என்று சொன்னேன். அத்தான் கீழே போய் மிஷினைப் போடச் சொன்னார்.

ஆவணியில் கல்யாணம் ஆனது. மறுமாதம் ஒருநாள் அவள் லேப்டாப்பைக் குடைந்துகொண்டிருந்தாள். படித்த பெண்தானே, கண்டுபிடித்துவிட்டாள்.

"இந்த வரிய எழுதுனது நீங்களா?"

"ஆமா."

"கேபிள் ஓட்டையும்?"

"அதும்தான். ஒனக்காகத்தான் பிரீத்தி."

எனக்குப் பொய் பேசுவது பிடிக்காது. அவள் அழவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உள்ளே போய்ப் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்துவந்து கையைத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து நான் குடித்த டம்ளர், உட்கார்ந்த நாற்காலி, திறந்த கதவின் கைப்பிடி, எல்லாவற்றையும் துடைக்கிறாள். தண்ணீர் கேட்டால் தருவாள், தந்துவிட்டுத் துடைப்பாள். உள்ளதைச் சொன்னால் எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை வருஷமாக நான் சொன்னதை இப்போதுதான் காதில் வாங்கியிருக்கிறாள். லேப்டாப்பையும் சரிசெய்து கொடுத்துவிட்டேன். இப்போது அறுவதே இல்லை. அவள்தான் திறப்பதில்லை.

ஸ்பிரிட் என்றால் கை முழுவதும் ஒரே மாதிரி உரிய வேண்டும், வலது கைச் சுண்டுவிரலில் மட்டும் ஏன் சதை தெரிகிறது என்று கேட்கிறீர்கள். அதுதான் எனக்கும் விளங்கவில்லை. மணவறையைச் சுற்றிவரும்போது நான் பிடித்திருந்த விரல் அது. அன்றைக்கு என் கை சுத்தமாகத்தான் இருந்தது.