பின்கதவுத் தாழ்ப்பாள்

கிட்ட வாங்க சாமிகளா, கம்பளியை இழுத்துப் போத்திக்குங்க...

ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஜனவரிப் பனி. டவுன் முடிஞ்சு கட்டபெட்டு ரோடு தொடங்குற எடத்துல ஒரு நாய்கூட இல்ல. அங்கொரு பழைய ஊட்டு வாசல்ல காவலுக்கு உக்காந்திருந்தான் விமல். நம்ம தெரு ஸ்ரீமதிக்கு அத்தை மகன். அவகிட்ட அவனே சொன்னது இது.

வரி பாக்கிக்காக நகராட்சி சீல் வெச்ச ஊடு. சொந்தக்காரங்க பங்கஜம்னு ஒரு அம்மா, ஒண்டிக்கட்டை. ஏலத்துக்கு முந்திப் பாக்கியைக் கட்டிட்டா ஊட்டைத் திருப்பிக் குடுத்திரணும். பணம் பொரட்ட அலைஞ்சாங்க. ஆனா அதுவரைக்கும் உள்ள காலு வைக்கப்படாது.

அன்னைக்கு அந்தம்மா நடுங்கிட்டு வந்து நின்னாங்க.

"ஏனுங்க தம்பி, ஏலம் போற வரைக்கும் இது என்ற ஊடுதானுங்களே... ஒரு ராத்திரி படுத்துக்கட்டுங்களா?"

விமலுக்கு மனசு கேக்கல. முன்னால சீல். பின்கதவுச் சாவி அவங்கிட்ட இருந்துச்சு. திறந்து உட்டான். யாராச்சும் பார்த்துருவாங்கன்னு வெளித் தாழ்ப்பாளையும் போட்டுட்டான்.

கொஞ்ச நேரத்துல ஜீப்பு. ஆபீசர் சோதனைக்கு வந்துட்டார். அப்பத்தான் மூக்குல ஏறுச்சு... கரி மணம். அந்தம்மா உள்ள கரியடுப்பு மூட்டியிருக்காங்க. சாத்துன ரூமுக்குள்ள அந்தப் புகை ஆளைக் கொன்னுரும், நம்ம மலையில தெரியாதவங்க ஆரு?

உள்ள... டக். டக்.

வேலை போயிருமேன்னு விமல் சத்தமா இருமினான். தட்டுறப்பெல்லாம் இருமினான். "இருமலுக்குச் சுக்குக் காப்பி குடிப்பா"ன்னு சொல்லிட்டு ஆபீசர் கெளம்பினார். ஜீப்பு வளைவுல மறையறப்ப, தட்டுறது நின்னு போச்சு.

தாழ்ப்பாளை நீக்கி உட்டுட்டு, அந்தம்மா அவங்களாப் பூந்து செத்துக் கெடந்தாங்கன்னு விமல் சொன்னான். நம்பினாங்க. ஊடு ஏலம் போச்சு. இவனுக்கு வேலை தங்குச்சு.

அடுத்த குளுருக்கு ஒரு ராத்திரி, ஒண்ணுக்குப் போக வெளிய வந்தான். திரும்பி வந்தா, அவன் ஊட்டுக் கதவுல வெளித் தாழ்ப்பாள் போட்டிருக்கு. உள்ள பொண்டாட்டி வனிதாவும் கைக்குழந்தையும். கேஸ் அடுப்பு தவிர அங்க ஒண்ணும் கெடையாது... ஆனா கரி மணம்.

டக். டக்.

ஓடித் தாழ்ப்பாளைப் புடிச்சான். கை நகரல. கத்தலாம்னு வாயைத் திறந்தான்... இருமல்தான் வந்துச்சு. இருமல்மேல இருமல்.

பக்கத்து ஊட்டுக்காரர் ஆண்டி வந்துதான் கதவைத் திறந்தார். பயந்துக்காதீங்க கண்ணுகளா, தாயும் புள்ளையும் பொழச்சுக்கிட்டாங்க.

வனிதா வாசல்ல கெடந்து மூச்சு வாங்கினா. பேச்சு வந்ததும் புருசனைப் பார்த்துக் கேட்டாளாம்...

"என்னோட சேந்து கதவைத் தட்டுனாங்களே ஒரு அம்மா... அவங்களை வெளிய கூட்டியாரலைங்களா?"