கோணல் அக்காவின் நேர்வழி

மேடையில் வீற்றிருக்கும் கயாக் படகுச் சங்கத் தலைவர் அவர்களே, படகுக் கொட்டகையிலிருந்து ஈரச் செருப்போடு நேரே வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர், எங்கள் மாமா அவர்களே! வணக்கம்.

நம் தலைமைப் பயிற்சியாளர் மறைந்துவிட்டார். கடல் அவரை ஒன்றும் செய்யவில்லை. மருத்துவமனைக் கட்டிலில், தூக்கத்தில் போய்விட்டார். ஊருக்கு அவர் பயிற்சியாளர். நமக்கோ கோணல் அக்கா!

ஏன் கோணல்? எதிரே தீவு. காற்றோ பக்கவாட்டில் அடிக்கிறது. நாமெல்லாம் தீவைப் பார்த்து கயாக்கின் மூக்கை நீட்டுவோம். அக்கா மட்டும் காற்று வரும் பக்கமாகக் கொஞ்சம் திருப்பி வைப்பார். "மூக்கு கோணலா இருக்கட்டும். காத்து தள்ளத் தள்ள, போய்ச் சேர்ற இடம் சரியா இருக்கும்" என்பார். நம்பாதவர் யார்? இதோ, நம் தலைவர்தான்! நேராகத்தான் போவேன் என்று அடம்பிடித்துப் பாறைகளுக்கு நடுவே போய் மாட்டிக்கொண்டார். அந்த இடத்துக்கு 'தலைவர் துறை' என்று அக்கா வைத்த பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. சிரிக்கிறீர்களா தலைவரே? சிரியுங்கள், அக்காவுக்குப் பிடிக்கும்.

நம் தையற்கடைக்காரர் முதல்நாள் போட்ட கூச்சலை மறக்க முடியுமா? "அக்கா, இது காத்தைப் பாத்தே திரும்புது! என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது!"

"வீட்ல மட்டும் யார் கேக்கறாங்களாம்? பயந்து அந்தப் பக்கம் ஒதுங்காதீங்க. காத்து வர்ற பக்கமே இடுப்பைச் சாய்ங்க. அந்தப் பக்கமே துடுப்பை அகலமா வீசுங்க."

அவர் சாய்ந்தார். கயாக்கும் வழிக்கு வந்தது.

எங்கள் மாமா கணுக்காலுக்கு மேல் கடலில் நனையாதவர். ஞாயிறுதோறும் கையில் துண்டோடு கரையில் நிற்பார். திரும்பி வரும் அக்காவின் கயாக் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். "அடியே, எங்கடி போற? நான் இங்க நிக்கிறேன்!" என்று கத்துவார். சரியாக அவர் காலடியில் வந்து கரையேறுவார் அக்கா. "உங்களை விட்டுட்டு நான் எங்கங்க போவேன்?" என்று சொல்லித் துண்டை வாங்கிக்கொள்வார்.

போய்விட்டீர்களே அக்கா! இந்த ஒரு தடவை சொன்ன சொல் தவறிவிட்டீர்களே!

நேற்று மாமா கொட்டகைக்கு வந்தார். இருவர் அமரும் கயாக்கைத் தடவிப் பார்த்தபடி நின்றார். "அவ போன தீவை நான் ஒருநாளும் பாத்ததில்லப்பா. முன் சீட்டுல வெச்சு என்னைக் கூட்டிட்டுப் போவியா? பயமாத்தான் இருக்கு" என்றார். அதற்கு இப்போது இந்தச் சபையின் முன்னால் பதில் சொல்கிறேன்.

மாமா, வருகிற ஞாயிறு போகிறோம். அக்கா தொடங்கிய பயணம் ஒருநாளும் நிற்காது. குறுக்கே காற்றடித்தால் மூக்கு கோணலாகத்தான் இருக்கும். எங்கே போகிறாய் என்று என்னைத் திட்டக் கூடாது. திரும்பி வரும்போது கரையில் யார் நிற்பார்கள் என்றும் கவலைப்படாதீர்கள்.

தோழர்களே, ஞாயிறன்று துண்டோடு வருபவர்கள் கையை உயர்த்துங்கள்.

மாமா, தலையை நிமிர்த்திக் கொஞ்சம் பின்னால் திரும்பிப் பாருங்கள்.