யோகாவின்ர ரெண்டு பள்ளிக்கூடம்

...அதுதான் கேக்கிறன் அக்கா, ஒரு பெட்டைக்கு ஒரு பள்ளிக்கூடம் காணாதே? ஊரில எனக்கு ஒண்டே கூடிப்போச்செண்டு அஞ்சாம் வகுப்போட மறிச்சுப்போட்டினம். இவவுக்கு ரெண்டு வேணுமாம். கிழமை முழுக்க ஹைஸ்கூல். புதன்கிழமை மத்தியானம் மட்டும் அங்கயிருந்து டெக்னிக்கல் கொலிஜுக்குப் போறது. மீசை வைச்ச ஆம்பிளையளோட ஒண்டா இருந்து டெக்னிக்கல் டிராயிங் படிக்கிறது. அங்க படிச்சாலும் அது இஞ்ச எச்.எஸ்.சி. எண்ட கடைசிச் சோதினையில ஒரு பாடமாச் சேருமாம். இந்த நாட்டில எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேர்ப்பினம்.

இருங்கோ அக்கா, கதிரையில வடிவா இருங்கோ. பாத்தியளே, உங்கட வீட்டில உங்களை இருக்கச் சொல்லுறன். நான் வாய் திறவாத ஆள், என்ர மனிசனைக் கேட்டாச் சொல்லுவார். எழுபத்தி நாலில மெல்பேணுக்கு வந்தனான். ரெண்டு வருசமாக் கடையில விரலால காட்டித்தான் சாமான் வாங்கிறன். நீங்கள் மேல்வீட்டுக்கு வந்து மூண்டு நாள், படியில கண்டும் சிரிச்சதோட சரி. இண்டைக்கு வந்தது... சொல்லுறன். ஒரு பேனையும் கடுதாசியும் எடுத்து வையுங்கோ. அவசரமில்லை. நாலு மணிக்கிடையில காணும்.

யோகா எண்டது இவற்ர தங்கச்சி, எனக்கு மச்சாள். பதினேழு வயசு. மாமி மோசம்போய்ச் செத்தவீடு முடிஞ்ச பிறகு இவர் இஞ்ச கூப்பிட்டு எடுத்தவர். குழப்படி இல்லாத பிள்ளைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தப் படம் கீறிற பலகை இருக்கே, அது என்ர குசினி மேசையில பாதி. இந்த என்ர கைப்பிள்ளைக்குக் கஞ்சி தீத்த இடமில்லை. என்னடி கீறிறாய் எண்டா, போல்ட்டாம். முன்னால ஒருக்கா, பக்கத்தால ஒருக்கா, மேலால ஒருக்கா எண்டு மூண்டுதரம் கீறவேணுமாம். ஒரு போல்ட்டுக்கு இவ்வளவு மரியாதை. என்னை இந்த வீட்டில ஒருத்தரும் ஒரு பக்கத்தாலயும் பாக்கிறேல்லை.

சரி, கதைக்கு வாறன். திங்கக்கிழமை கொலிஜில இருந்து கடிதம். பதினாலு புதனில ஒன்பது புதன் ஆள் வரேல்லையாம். இவர் உடன ஹைஸ்கூலுக்குப் போன் எடுத்தவர். அவை சொல்லுகினம், பன்ரண்டரைக்கே கொலிஜுக்கெண்டு எழுதி வைச்சிட்டுப் போறவவாம். கொலிஜ்காரர் நினைச்சினமாம், ஹைஸ்கூலில ஏதோ வேலையாக்கும் எண்டு. விளங்குதே அக்கா? ஒரு பள்ளிக்கூடம் எண்டா அரை மணித்தியாலத்தில ஆளைத் தேடுவினம். ரெண்டு எண்டா, அவையிட்ட நிக்கிறாள் எண்டு இவையும் இவையிட்ட நிக்கிறாள் எண்டு அவையும் நிம்மதியா இருப்பினம். எவ்வளவு படிச்ச ஆக்கள் பாருங்கோ.

இவர் கேட்டவர், "புதன்கிழமையில எங்கயடி திரிஞ்சனி?" அவள் மூச்சு விடேல்லை. இவர் வெள்ளைப் பெடியன் ஒருத்தன் எண்டு தானே முடிவு கட்டி, மனசுக்குள்ளயே அவனுக்கு ஒரு மோட்டச்சைக்கிளும் குடுத்து, திங்களில இருந்து அவளை வீட்டை விட்டு வெளிக்கிட விடேல்லை. வெள்ளிக்கிழமை டிக்கற் எடுக்கப்போறார், யாழ்ப்பாணத்துக்குத் திருப்பி அனுப்ப. சோதினைக்கு ஆறு கிழமை கிடக்கு. வராததுக்குக் காரணத்தை வீட்டில பெரியாக்கள் ஆரும் எழுதி இண்டைக்கு நாலு மணிக்கிடையில கொலிஜில குடுத்தா வகுப்பில இருக்க விடுவினமாம். இல்லாட்டிப் பாடம் போச்சு, பாடம் போனா எச்.எஸ்.சி.யும் போச்சு. இவர் ஒரு வரி எழுதமாட்டன் எண்டிட்டார்.

நீங்கள் மதுரையில இங்கிலீஸ் படிப்பிச்சனீங்கள் எண்டு கேள்வி. எழுதுங்கோ. காய்ச்சல். ஒன்பது புதனும் காய்ச்சல். ஏன் சிரிக்கிறியள், புதனுக்குப் புதன் வாற காய்ச்சல் இருக்கக்கூடாதே? அப்ப பல்லுக்கொதி எண்டு போடுங்கோ... ஒன்பது பல்லு. சரி, விடுங்கோ.

எங்க நிண்டவளோ? வீட்டில. என்ர வீட்டிலதான் அக்கா, இந்தப் பிள்ளையை வைச்சுக்கொண்டு.

முதல் புதன் பிள்ளைக்குச் சளி, ஒருக்கா வந்து நில்லு எண்டனான். ரெண்டாம் புதன் எனக்குத் தலையிடி. மூண்டாம் புதன் எனக்கு ஒண்டுமில்லை. நில்லு எண்டன், நிண்டவள். ஒருத்தரும் தேடி வரேல்லை. ரெண்டு பள்ளிக்கூடத்துக்கு நடுவில ஒரு பொந்து கிடக்கெண்டு அவ்வளவு வாத்திமாருக்கும் முதல் கண்டுபிடிச்சது இந்த அஞ்சாம் வகுப்புத்தான். போன மாசமும் ஒரு கடிதம் வந்தது. எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாதுதானே, அரிசி வாளிக்குக் கீழ வைச்சிட்டன்.

நானோ? நான் ஒரு இடமும் போகேல்லை. சன்சைன் ஸ்ரேசனில ரெயிலேறி பட்டணத்தில பிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் ஸ்ரேசன் வரைக்கும் போறது. அங்க மர வாங்கில கொஞ்சம் குந்தி இருக்கிறது. அடுத்த ரெயிலில திரும்பி வாறது. அவ்வளவுதான். ரெண்டு கையும் வெறுங்கை, இடுப்பில பிள்ளை இல்லை, ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கிறேல்லை. களவெடுத்த மாதிரித்தான் இருந்தது. நல்லாவும் இருந்தது.

இவர் எங்க திரிஞ்சனி எண்டு கேக்கேக்க அவள் என்னை ஒருக்காப் பார்த்தவள். கஞ்சி கரியுதெண்டு நான் குசினிக்குள்ள போயிட்டன். அடுப்பில கஞ்சி இல்லை.

எழுதுங்கோ அக்கா. "என்ர மச்சாள் ஒளிச்சுத் திரியேல்லை. ஒன்பது புதனும் பிள்ளையைப் பாக்கச் சொல்லி நான்தான் மறிச்சனான்." ரெயில் கதை கொலிஜுக்கு வேண்டாம், அது இவருக்குச் சொல்லவேண்டியது. வேலையால வந்தவுடன, தேத்தண்ணி குடிக்கமுந்திச் சொல்லவேணும். குடிச்சா எனக்குப் பயம் வந்திடும். கையெழுத்தைத் தமிழில வைச்சாக் காணுமே? சிவனேஸ்வரி... இந்தா. ஒரு பக்கமாச் சரிஞ்சுபோச்சு, பறவாயில்லை.

மூண்டு மணியாச்சு. யோகாவையும் கூட்டிக்கொண்டுதான் போறன், எனக்கு அங்க நாக்கு எழும்பாது. வகுப்பு இன்னும் நடக்கும், அவளை உள்ள விட்டிட்டு வாறன். இண்டைக்கும் புதன்தானே, பத்தாவது புதனும் அவளிட்டப் பிள்ளையைக் குடுக்க எனக்கு முகமில்லை. நீங்கள் ஒருக்கா வைச்சிருங்கோ. அழமாட்டான், அழுதா ஒரு கரண்டியைக் குடுங்கோ. நான் நேர திரும்பி வாறன், ஸ்ரேசன் பக்கம் தலை வைக்கமாட்டன்.

அக்கா... அடுத்த புதனும் நீங்கள் வீட்டிலதானே நிப்பியள்?