அடுத்த கேள்விக்கான பதில்

— ஒரே ஒரு தடவை தலையை ஆட்டிடு தங்கச்சி. 'எனக்கு ஆட்சேபணை இல்லை.' மூணே வார்த்தை. இன்னிக்கு கேன்டீன் டீ என் கணக்கு.

— நிதியமைச்சர் டீ வாங்கித் தர்றாரா! அண்ணே, கேட்டுக்கிட்டீங்களா? இதைச் சபைக்குறிப்புல ஏத்தச் சொல்லணும். ஆனா என் தலை ஆடாது சார். சொல்லிட்டேன்.

— யோவ் சுகாதாரம், நீங்க பாட்டுக்கு ஜன்னலைப் பாத்துக்கிட்டு உக்காந்தா எப்படி? படிச்சது நீங்க. முழிக்கிறது நானு.

— என்னத்தைச் சொல்ல நிதி. இவங்க கேள்விக்குப் பதில் மேல இருந்துச்சு, உங்க ஊர் கேள்விக்குப் பதில் கீழ இருந்துச்சு. ரெண்டு தாளும் ஒட்டிக்கிச்சு. கை தவறிடுச்சு.

— கை தவறிடுச்சாம்! சுருக்கமா சொல்றேன். இவங்க எழுந்து, 'எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸ் மெஷின் எப்போ வரும்'னு கேட்டாங்க. அதுக்கு என்ன பதில் எழுதி வச்சிருந்தோம்?

— எனக்கே தெரியுமே சார். 'பரிசீலனையில் உள்ளது.' மூணு கூட்டத்தொடரா அதையே கேட்டுக் காது புளிச்சுப்போச்சு.

— அதைப் படிச்சிருந்தா நான் இந்நேரம் நிம்மதியா பிஸ்கட் தின்னுக்கிட்டிருப்பேன். இவர் அடுத்த கேள்விக்கான பதிலைப் படிச்சுட்டார். 'நிதி ஒதுக்கியாச்சு, அடுத்த மாசமே ஆறு மெஷின் ஓட ஆரம்பிக்கும்.' அது என் தொகுதிக்கு! நான் கையெழுத்துப் போட்டு ஒதுக்கினது!

— நீங்களும்தானே சார் மேஜையைத் தட்டுனீங்க? நான் பாத்தேன். எல்லாரையும் விட சத்தமாத் தட்டுனீங்க.

— பழக்கதோஷம்! நம்ம அமைச்சர் பேசினா தட்டுறதுதான். என்ன பேசினார்னு தட்டி முடிச்சப்புறம்தான் உறைச்சுது. அதுக்குள்ள கேள்வி நேரமே முடிஞ்சு மணி அடிச்சுட்டாங்க.

— அடடா.

— என்ன அடடா? ஒண்ணு கேக்குறேன் சுகாதாரம். தாள் மாறிடுச்சு, ஒத்துக்கறேன். அந்தத் தாள்ல என் ஊர் பேருதானே இருந்திருக்கும்? உங்க வாயில இவங்க ஊர் பேரு எப்படி வந்துச்சு?

— கேக்குறவங்க ஊரைச் சொல்லிப் பதில் சொல்றது ஒரு மரியாதை இல்லையா? வாய் தானா சொல்லிடுச்சு.

— வாய் தானா சொல்லுமா!

— வயசாகுதில்ல.

— டீயைக் குடிங்கண்ணே, ஆறிப்போகுது.

— வேணாம்மா. நீங்க குடிங்க.

— சரி, கதை போதும், காரியத்துக்கு வாங்க. மறுபடி மணியடிச்சு சபை கூடினதும் இவர் எழுந்து, 'தவறுதலா வாசிச்சுட்டேன், திருத்திக்கிறேன்'னு சொல்லணும். கேள்வி கேட்ட உறுப்பினர் ஆட்சேபிக்கலேன்னா சபாநாயகர் சரின்னுடுவார். முடிஞ்சுது. ஆட்சேபிச்சா விவாதம். இன்னிக்கே திருத்தலேன்னா, சபையில சொன்னது சொன்னதுதான். அசைக்க முடியாது.

— அதான் சார் டீ இப்படி இனிக்குது.

— விளையாடாதே தங்கச்சி. உனக்கு என்ன வேணும், சொல்லு. மார்க்கெட் ரோடு?

— போன தேர்தலுக்கே போட்டுட்டீங்க. தேர்தல் முடிஞ்ச கையோட பேந்துடுச்சு.

— பஸ் ஸ்டாண்டுக்குக் கூரை?

— வேணாம்.

— பூங்கா? ஊஞ்சல், சறுக்கு எல்லாம் வச்சு?

— சார், நான் அரசியலுக்கு வர்றதுக்கு முன்னாடி பஸ் கண்டக்டர். சில்லறை இல்லேன்னு சொல்லிட்டு இறங்கப் பாக்குறவங்க எத்தனை பேரைப் பாத்திருப்பேன்? கடைசி ஸ்டாப் வரைக்கும் விட மாட்டேன். உங்க கையிலயும் சில்லறை இருக்கு.

— மேடம், நீங்க ரொம்பப் பேசுறீங்க.

— தங்கச்சி மேடமாயிட்டாளா? சரி, நான் ஒண்ணு கேக்குறேன். உங்க ஊர்ல ஏற்கனவே மெஷின் இருக்கா, இல்லையா?

— இருக்கு. போதலை. ஜனங்க காத்துக் கிடக்குறாங்க.

— எவ்வளவு நேரம்?

— ஒரு மணி நேரம். சில நாள் ரெண்டு கூட ஆகுது.

— எங்க ஊர்க்காரங்க இருட்டோட எழுந்து தலைநகருக்குப் பஸ் ஏறுறாங்க சார். வாரத்துக்கு மூணு நாள். போறப்போ உக்காந்துட்டுப் போவாங்க. வர்றப்போ உக்காரத் தெம்பிருக்காது. கடைசி சீட்டுல ஒருத்தர் மடியில ஒருத்தர் சாஞ்சுக்கிட்டு வருவாங்க. என் பஸ்ஸுலயே ஒரு அம்மா வந்துக்கிட்டிருந்தாங்க. எனக்கு ஓட்டுப் போட்டவங்க. 'மெஷின் வாங்கித் தர்றேன்மா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க'ன்னு அவங்க கையைப் பிடிச்சுச் சொன்னேன். ஒரு நாள், 'போதும், இனிமே பஸ் ஏற மாட்டேன்'னுட்டாங்க. மகன் கெஞ்சினான், மருமக கெஞ்சினா, நான் போய்க் கெஞ்சினேன். ஏறலை. அந்த மாசமே போயிட்டாங்க.

— ம்.

— அவங்க வீட்டு வழியா இன்னிக்கும் என்னால நடக்க முடியலை. சுத்திக்கிட்டுப் போறேன். இப்போ நான் தலையை ஆட்டினேன்னு வைங்க, அப்புறம் எந்தத் தெருவுலயுமே நடக்க முடியாது.

— நான் ஒண்ணும் ராட்சசன் இல்லைம்மா. என் கஷ்டத்தையும் பாரு. என் தொகுதி என் மாமனார் ஊரு. 'மாப்பிள்ளை மெஷின் கொண்டு வர்றார்'னு மச்சான் ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சுட்டான். அழைப்பிதழ் அச்சுக்குப் போயாச்சு. இன்னிக்குப் போய் வீட்டுக்காரி கேட்டா நான் என்ன பதில் சொல்றது?

— 'பரிசீலனையில் உள்ளது'ன்னு சொல்லுங்க.

— சுகாதாரம்! சிரிக்காதீங்க!

— சிரிக்கலை நிதி. இருமல்.

— சார், நான் ஒரு வழி சொல்றேன். அழைப்பிதழை அடிங்க. ஊர் பேரை மட்டும் மாத்துங்க. எங்க ஊர்ல நீங்களே வந்து ரிப்பன் வெட்டுங்க. கல்வெட்டுல உங்க பேரு மேல, பெரிசா. என் பேரு கீழ, பொடி எழுத்துல. இல்லாட்டியும் பரவாயில்லை.

— கல்வெட்டு... என்ன கல்லு?

— கறுப்புக் கல்லு. எழுத்து தங்கக் கலர்ல.

— ம்ம். அப்போ என் ஊரு?

— அதுக்கு யாரைக் கேக்கணும்? பெட்டிச் சாவி உங்க இடுப்புல இருக்கு. எனக்கு ஒதுக்கணும்னாதான் மூணு கூட்டத்தொடர் ஆகும். உங்களுக்கு நீங்க ஒதுக்கிக்கிறதுக்கு ஒரு மத்தியானம் போதாதா?

— இந்தக் கண்டக்டரம்மாவை எவன்யா சபைக்கு அனுப்பினான்?

— கடைசி சீட்டு ஆளுங்க சார்.

— முதல் மணி அடிச்சுட்டாங்க. சுகாதாரம், கடைசியாக் கேக்குறேன். எழுந்து திருத்துறீங்களா?

— நான் எழுந்தா இவங்களும் எழுந்திருப்பாங்க. அந்த அம்மா கதையை கேமரா முன்னாடி சொல்லுவாங்க. மேஜை தட்டுன கையாலயே மெஷினைப் பிடுங்குறது நீங்கதான்னு ஊரே பாக்கும். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் நிதி.

— ரெண்டு பேரும் சேர்ந்து என் தலையில மிளகாய் அரைக்கிறீங்க. சரி, தொலையட்டும், வச்சுக்கோ! ஆனா பேரு பெரிசா இருக்கணும். பக்கத்துல போட்டோவும் வைக்கணும். டீக்கு நீயே குடுத்துடு.

— போட்டோவும் வச்சுடலாம் சார்! பாத்துப் போங்க, படி!

— போயிட்டாரா?

— போயிட்டார். அண்ணே, சந்தோஷத்துல அழுகையா வருது. இப்போ உண்மையைச் சொல்லுங்க. நிஜமாவே தப்பாத்தான் படிச்சீங்களா?

— இத்தனை வருஷமா மந்திரியா இருக்கேன்மா. எது யாரு தாளுன்னு தெரியாமலா படிப்பேன்?

— அப்போ வேணும்னேதான்! ஏண்ணே? போன கூட்டத்தொடர்ல நான் தொண்டை கிழியக் கத்தினேன். நீங்க தாளை விட்டுத் தலையைக் கூட நிமிர்த்தலை.

— அப்போ எனக்குத் தெரியாதும்மா.

— இப்போ மட்டும் என்ன தெரிஞ்சுது?

— உங்க ஊர்ல ஒரு தையல்காரர் இருக்காரே. கட்டைக் குரல். வாய் ஓயாது.

— ஆமா, ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறவர். அவரும் டயாலிசிஸ்க்குத்தான் தலைநகருக்குப் போய்ட்டு வர்றார். உங்களுக்கு எப்படித் தெரியும்?

— என்னைத் திட்டுறதுல அவரை மிஞ்ச ஆளில்லை. 'அந்த மந்திரிப்பயலுக்கு ஒரு சட்டை தைக்கணும், ஊசியெல்லாம் உள்ளேயே விட்டுத் தைக்கணும்'ங்கிறார். நர்ஸ் எல்லாம் சிரிக்குது. எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

— ஐயய்யோ! வெள்ளந்தி மனுஷன்ணே, மனசுல வச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரிக்கு ஆய்வுக்குப் போனீங்களா?

— ஆய்வுக்குப் போனா அப்படிப் பேசுவாரா? எழுந்து நின்னு வணக்கம் வைப்பார். நடுவுல பச்சைத் திரை ஒண்ணு தொங்குதும்மா. அவர் என் முகத்தைப் பாத்ததே இல்லை.

— புரியலையேண்ணே. திரைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வேலை?

— அவர் நாலாவது பெட்டும்மா. அஞ்சாவது பெட்டு நான்.