கதவுக்காரி

அந்த டொக் டொக்கு சத்தமா அமிர்தக்கா? பேயில்ல, நாந்தான். மொதல்ல அந்த வெளக்கமாத்தக் கீழ போடுங்க. சத்தம் என்னான்னு அப்பறம் சொல்றேன்.

இருட்டுல யாருகிட்டப் பேசுறனா? தோ, தொவைக்கிற கல்லு மேல ஒக்காந்திருக்காங்களே, இவங்ககிட்டதான். தொப்பி வச்ச வெள்ளக்காரம்மா பொம்மைங்க. எங்க வூட்டுக்காரரு வேல செய்யிற பீங்கான் பொம்மக் கம்பெனில, சூளையில ஒடஞ்சதெல்லாம் கழிச்சிட்டாங்கன்னு தூக்கியாந்துட்டாரு. நாளைக்கி ஸ்கூலு கமிட்டிக் கூட்டம்க்கா. கான்வென்ட்டுல படிச்ச பொண்ணு, நல்லாப் பேசும்னு என்ன மெம்பராப் போட்டுட்டாங்க. எனக்கா, நாலு ஆம்பளைங்கள ஒண்ணாப் பாத்தாலே நாக்கு ஒட்டிக்கும். அதான் ஒத்திகை. காது ஒடஞ்ச அந்தம்மாதான் ஹெச்.எம். மூக்கில்லாதவங்க கவுன்சிலரு. சிரிக்காதீங்கக்கா!

எங்க கான்வென்ட்டு சிஸ்டர் சொல்லுவாங்க. விக்டோரியா ராணி காலத்துல இந்த மாரி தொப்பி வச்ச பொம்பளைங்கதான் மேடையேறி, பொண்ணுங்களுக்குப் படிப்பு வேணும்னு பேசுனாங்களாம். கீழருந்து ஊளை வுடுவாங்களாம், அழுகுன முட்டைய அடிப்பாங்களாம். மொகத்தத் தொடச்சிக்கினு அடுத்த வார்த்தையப் பேசுவாங்களாம். நம்ம ஊருல முட்ட விக்கிற வெலைக்கு எவனும் அடிக்க மாட்டான். அந்தத் தைரியந்தான் எனக்கு.

என்னா கேக்கப் போறனா? ஒரு தாப்பாக்கா. அவ்ளோதான். பொண்ணுங்க கக்கூஸுல தாப்பா பேந்து போயி ஒரு வருசமாவுது. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சிக்கணும். அவளுக்குப் பேரே கதவுக்காரி. பெரிய கிளாஸு பொண்ணுங்களுக்கு சிநேகிதிங்க இருக்காங்க, புடிப்பாங்க. ரெண்டாங்கிளாஸு புள்ளைக்கி யாரு இருக்கா?

நானா? நான் ஏன் கதவப் புடிச்சிக்கினு நிக்கிறனா?

எம் பொண்ணு வெண்பா கக்கூஸுக்குள்ள இருக்குதுக்கா. அன்னிக்கி ஸ்கூலுல பெல்லடிச்சதும் கதவுக்காரி ஓடிட்டா. கதவு தொறந்துகிச்சி, பசங்க பாத்து சிரிச்சிட்டானுங்க. அதுலேருந்து, குடிச்சா போவணுமேன்னு, தண்ணி பாட்டிலு ரொப்புனது ரொப்புனபடியே திரும்பி வருது. வூட்டுல தாப்பா நல்லாத்தான் இருக்குது, போடவே மாட்டேங்குது. தாப்பா பேந்துக்கும், அம்மா பேந்துக்க மாட்டியாம். உள்ளேருந்து தட்டும், நானும் தட்டணும். இல்லன்னா அழுவும். அதான் அந்த டொக் டொக்கு.

இருங்க, என்னமோ சொல்லுது. என்னாடி? கைய ஆட்டிப் பேசணுமா? கதவப் புடிச்சிக்கினு பேசுனா நல்லால்லயா? அடிப்பாவி, எல்லாத்தயும் கேட்டுக்கினா இருந்த? கதவ வுட்டுட்டு பொம்மைங்க முன்னாடி போயி நிக்கட்டா? நெசமாவா?

வுட்டுட்டேன்.

அக்கா... கேட்டுச்சா? தட்டவேயில்ல. தாப்பா போட்டுக்கிச்சி.