ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்ப்பது

கணினியில் இரைச்சல் வந்தால் எடுத்த எடுப்பில் அதன் மூடியைக் கழற்றக் கூடாது. முதலில் சன்னலைச் சாத்த வேண்டும். பாதி இரைச்சல் தெருவுடையதாக இருக்கும். இது என் கணவர் வென்டலின் சொல்லிக்கொடுத்தது. நீங்கள் சன்னலைத் திறந்து போட்டுக்கொண்டு என்னை விசாரிக்கிறீர்கள். பரவாயில்லை, எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

அவருடைய காதுதான் பழுது. கார் பிரேக் சோதனைக் கூடத்தின் கிறீச்சொலியிலேயே ஆயுள் கழிந்தது. கனத்த ஓசைகள் கேட்கும், பேச்சு கேட்கும். கொசு, கெட்டிலின் விசில் மாதிரி மெல்லிய, கூர்மையான ஒலி எதுவும் கேட்காது. அதனால் அவரை அடுத்த அறையில் உட்காரவைத்து நீங்கள் என்ன கேட்டாலும் பயனில்லை. கட்டடத்துக்கு மின்சாரத்தை நிறுத்தியது அவர் கைதான். ஆனால் மேல்வீட்டு ரோட்டாக்கர் அம்மா செத்ததற்கு அந்தக் கை பொறுப்பில்லை. நான் சொல்வதை எழுதிக்கொண்டு அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பருப்பு ஊறப்போட்டுவிட்டு வந்திருக்கிறேன். அதிகம் ஊறினால் வேகும்போது குழைந்துவிடும்.

ஓய்வு பெற்றபின் அவர் தன் கையாலேயே ஒரு கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்து உருவாக்கினார். பார்க்க அழகாக இருந்தது. ஓடும்போது மட்டும் உள்ளே ஒரு கிர்ர்ர். அந்த ஒலி அவருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. சொன்னேன். அன்றுதான் என் காதுக்கு வேலை கிடைத்தது.

"ஒவ்வொண்ணா நிறுத்திப் பாப்போம் இர்மா," என்றார். "ஒரே நேரத்துல ரெண்டைத் தொடக் கூடாது. தொட்டா எது காரணம்னு கடைசி வரைக்கும் தெரியாது."

சமையலறைத் தாள் சுற்றி வந்த அட்டைக் குழாயை என் காதில் வைத்துக்கொள்வேன். பின்பக்கத்து விசிறியின் நடுவில் அவர் விரலை வைத்து நிறுத்துவார். "இப்போ?" என்று கேட்பார். கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்.

இதை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கல்யாணமானதிலிருந்து கேள்வி கேட்டு வந்தவள் நான். உப்பு போதுமா, சட்டை சரியா, எப்போது வருவாய். அவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "ம்" என்பார். இப்போது அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் இருக்கு," என்றேன்.

விசிறியைப் பெரியதாக, மெதுவாகச் சுற்றுவதாக மாற்றினார். திருகாணிகளுக்குப் பதில் ரப்பர் முளைகள். ஹார்டு டிஸ்கை எலாஸ்டிக் கயிற்றில் தொட்டில் மாதிரிக் கட்டித் தொங்கவிட்டார். பிறகு அதையும் தூக்கிவிட்டு, சுற்றும் பாகமே இல்லாத ஒன்றை வைத்தார். பெட்டியின் உட்சுவர்களுக்கு நுரைப் பலகை ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு "இப்போ?", ஒரு "இன்னும் இருக்கு."

கிர்ர்ர் அதற்கெல்லாம் முன்னாலேயே நின்றுவிட்டிருந்தது. ஒரு ஒயரின் நுனி விசிறி இறக்கையில் உரசிக்கொண்டிருந்தது; அவர் தெரியாமல் கை பட்டு நகர்த்திவிட்டார். இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டுமோ? அவரிடமும் சொல்லவில்லை.

பெட்டிக்குள் மாற்ற ஒன்றுமில்லாமல் போனதும் அவர் முகம் வாடியது. "ஒருவேளை இது வெளியிலேருந்து வருதோ?" என்றேன். அவருக்கு உயிர் வந்தது. எங்கள் பிரிட்ஜை நிறுத்தினோம். வெண்ணெய் உருகியது. சுவர்க்கடிகாரத்தை நிறுத்தினோம். அடுத்து அண்டை வீடுகள்.

எங்கள் எஸ்லிங்கன் ஊரில் ஞாயிற்றுக்கிழமை யாரும் ஆணி அடிக்க மாட்டோம். காலி பாட்டிலைக்கூடத் தொட்டியில் போட மாட்டோம். ஒருவர் வந்து "சத்தமா இருக்கு" என்று சொன்னால், "இல்லையே" என்று சொல்ல எங்களில் யாருக்கும் வாய் வராது. என் வேலை அதனால் சுலபமாயிற்று.

கீழ்த்தளத்தில் பாட்டு வாத்தியார் கோல்பிங்கர். அவரிடம் ஒரு மீன்தொட்டி, அதற்குக் காற்று ஊதும் சிறு மோட்டார். "நிறுத்திடறேன், நிறுத்திடறேன்," என்று பதறினார். "மீனுக்கும் ஓய்வு நேரம்னு ஒண்ணு இருக்கே." சில நாள் கழித்துப் படியேறி வந்தார். "எல்லாம் நிரந்தர ஓய்வுக்குப் போயாச்சு. இப்பவாவது சத்தம் நின்னுதா?"

"இன்னும் இருக்கு," என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

மாடியில் ரோட்டாக்கர் அம்மா. மூக்கில் குழாய், கட்டிலருகே ஆக்சிஜன் இயந்திரம். கட்டடத்தில் நிறுத்தாமல் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். மின்சாரம் போனால் உதவ நடையில் ஒரு சிலிண்டர் நிற்கும். அதன் திருகு இறுக்கம். அந்த அம்மாவால் திறக்க முடியாது. அதற்காகவே அவர் வீட்டுச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கியது. அவர் கைத்தடியால் தரையைத் தட்டினால் நான் போய்த் திறந்துவிடுவேன். அப்படித்தான் ஏற்பாடு.

வென்டலின் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் போனார். நான் பின்னால் நின்றேன்.

"இது என்ன ரேடியோவா, நிறுத்தறதுக்கு?" என்றார் அந்த அம்மா. "என் மூச்சுப்பா இது. அது கிடக்கட்டும் வென்டலின், எல்லாத்தையும் கழட்டிப் பாத்தியே, உன் பொண்டாட்டி காதைக் கழட்டிப் பாத்தியா? சத்தம் அதுக்குள்ளதான் இருக்கு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். கெட்ட மனுஷி இல்லை. நல்ல வாய்.

இறங்கி வரும்போது வென்டலின் யோசனையாகவே வந்தார். "அவங்க சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. காதை இன்னும் நாம சோதிக்கவே இல்லையே. ஒரு டாக்டரைப் பாத்துடுவோமா?" என்றார். அத்துடன், கணினியை விற்றுவிடலாமென்றும் சொன்னார். சாப்பிட்டபின் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டார். உப்பு போதுமா என்று கேட்டேன். "ம்," என்றார்.

டாக்டர் பார்த்தால் என் காதில் ஒரு குறையும் இருக்காது. அது தெரிந்துதான் நான் கலங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கோல்பிங்கர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். "கடைசியா ஒரே ஒரு தடவை, கட்டடம் மொத்தத்தையும் நிறுத்திப் பாப்போம்," என்றேன்.

"ரோட்டாக்கர் அம்மா?"

"நான் போய் சிலிண்டருக்கு மாத்திவிட்டுட்டு வரேன்."

பிளம் கேக் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். அந்த அம்மா ரசித்துச் சாப்பிட்டார். "மாவு கொஞ்சம் காய்ஞ்சிருக்கு," என்றார். நான் சிலிண்டரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. பேசிக்கொண்டிருந்ததில் விட்டுப்போயிற்று என்று இன்று காலைவரை எனக்கே சொல்லிவந்தேன். இறங்கி வந்து, "மாத்தியாச்சு," என்றேன்.

வென்டலின் நிலவறைக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு வந்தார். வீடு அப்படி அமைதியாகி நான் கண்டதில்லை. என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"இப்போ?"

மேலேயிருந்து மெல்லிய கீச்சொலி. மின்சாரம் போனதும் அந்த இயந்திரம் போடும் கூச்சல். அது எனக்குத் தெரியும்.

"இருக்கு," என்றேன்.

"கரண்டே இல்லாமலா!" அவர் கண் விரிந்தது. "அப்போ சத்தம் கம்ப்யூட்டரோடதே இல்ல இர்மா! உன் காதும் சரி! ரோட்டாக்கர் அம்மாகிட்டப் போய்ச் சொல்லணும்." எழப்போனவர் தானே உட்கார்ந்தார். "வேணாம். எதையும் மாத்தக் கூடாது. அது எங்கேன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் மெயினையும் தொடக் கூடாது. நீ கேளு."

கேட்டேன். கைத்தடி தட்டத் தொடங்கியது. அது அவருக்கும் கேட்டது.

"யாரோ தட்டற மாதிரி இல்ல?"

"கோல்பிங்கர் வீட்டுக் கதவு. காத்துல அடிச்சுக்குது."

"சரி. நீ இருக்கும்போது நான் எதுக்குக் கேக்கணும்," என்று சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். சாவி எங்களுக்கு நேரே சுவரில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

தட்டுவது விட்டுவிட்டு வந்தது. பிறகு நின்றது. கீச்சொலி மட்டும் தொடர்ந்தது. அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் சிறு பேட்டரிக்கும் ஒரு அளவு உண்டு. அதுவும் தேய்ந்து நின்றது.

"இப்போ?" என்றார், மூச்சை அடக்கிக்கொண்டு.

நான் அவசரப்படவில்லை. நன்றாகக் காதுகொடுத்துக் கேட்ட பிறகே, "இப்ப இல்ல," என்றேன். அவர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். என்னிடம் அவர் அழுதது அதுதான் முதல் தடவை.

ஒன்றை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய நாட்களிலெல்லாம் நான் அவரிடம் பொய் சொன்னது உண்மை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை, "இப்போ?" என்று அவர் கேட்டதற்கு மட்டும் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.