கூடுதலாக ஒரு முழம்

டீ ஆறிவிட்டதற்கு மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். படப்பிடிப்பில் சூடான டீ நடிகர்களோடு தீர்ந்துவிடும். எங்கள் வரிசைக்கு வரும்போது இப்படித்தான் இருக்கும்.

என் வேலை கயிறு பிடிப்பது. சண்டைக்காட்சியில் ஆட்கள் பறக்கிறார்களே, அவர்கள் இடுப்பில் பெல்ட் மாட்டி மேலேயிருந்து கயிற்றை விடுபவன் நான். என் மனைவி கதாநாயகிகளுக்கு டூப். அவள் குதிப்பாள், நான் பிடிப்பேன். எங்கள் காதலும் அப்படி வந்ததுதான்.

கடைசியாகச் செய்த படம் நகை திருடும் பெண்ணைப் பற்றியது. அவளைப் பிடிக்க வந்த போலீஸ்காரன் மனதைப் பறிகொடுத்துவிடுவான். பாதி துப்பாக்கி, பாதி டூயட். அது நடந்துகொண்டிருந்தபோதுதான் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள்:

"வேற ஊர்ல என்னை ஃபைட் மாஸ்டரா கூப்பிடுறாங்க. இந்தப் படம் முடிஞ்சதும் போயிடலாம்னு இருக்கேங்க."

"அப்ப நான்?"

"நீங்களும்தான். என் டீம்ல கயிறு பிடிக்க நல்ல ஆள் வேணாமா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு இருந்தது பயம். இப்படியே குதித்துக்கொண்டிருந்தால் என்றாவது செத்துப்போவாள். சின்னதாக ஓர் அடி பட்டால் வீட்டோடு இருப்பாள் என்று தோன்றியது.

கயிறு விஷயம் நீங்கள் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்கிறேன், சுமந்து அலுத்துவிட்டது. மொட்டைமாடியிலிருந்து பால்கனிக்கு அவள் தாவ வேண்டும். கூடுதலாக ஒரு முழம் விட்டேன். கணுக்கால் பிசகும் என்றுதான் நினைத்தேன். கைப்பிடிச் சுவரில் முதுகு மோதியது. படத்தில் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள். இவள் விழுகிறாள், அடுத்த நொடி கதாநாயகி நாயகன் கையில் கிடந்து சிரிக்கிறாள். தியேட்டரில் விசில் பறந்தது.

அதன்பின் அவளுக்குக் கால்கள் அசையவில்லை. குளிப்பாட்டுவது, தலை வாருவது, புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, அக்கம்பக்கத்தில் கேட்டுப்பாருங்கள். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள்.

"நல்லாத் தேறிட்டு வராங்க. விடாம செஞ்சா நடந்துடுவாங்க சார்" என்று வாசலில் வைத்து என்னிடம் சொன்னாள்.

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றேன். பயிற்சியின்போது என் மனைவி வலியில் பல்லைக் கடிப்பாள். அதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? இனி பயனில்லை என்று அந்தப் பெண்ணே கைவிட்டுவிட்டதாக அவளிடம் சொன்னேன். போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். யாராவது எதையாவது பேசி வீண் ஆசை காட்டுவார்கள். அவள் அழுதாள். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வீடு அமைதியாக இருந்தது.

அவளுடைய அக்கா வந்திருந்த அன்று, "தம்பி, கொஞ்சம் பழம் வாங்கிட்டு வாங்களேன்" என்றார். திரும்பி வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. வாசலில் காக்கி உடுப்பில் உங்கள் ஆட்கள் நின்றார்கள்.

அவளால் கால்விரல்களை அசைக்க முடிகிறது என்பதே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நான் வெளியே போகும்போதெல்லாம், யாருடைய உதவியும் இல்லாமல், போர்வைக்குள்ளேயே பழகியிருக்கிறாள். பக்கத்திலேயே இருந்த என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒருநாள் எழுந்து நின்று காட்டி என்னைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்திருப்பாள்.